தவறான விடையையும் யோசித்து எழுதுங்கள்

"குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டு உள்ள ஊர் எது? அ) உத்திரமேரூர் ஆ) மும்பை இ) டில்லி ஈ) கொல்கத்தா." எங்கள் மாகறல் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் ஒருவர்கூடத் தவறவிட மாட்டார். நாலில் ஒன்றுதான் தினமும் பஸ்ஸில் பார்க்கிற ஊர்ப்பெயர். அதைக் குறிக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறை பற்றி எதுவும் தெரிய வேண்டாம்.

சமூக அறிவியல் நடத்துகிறவன் என்ற முறையில் நான் இப்படிக் கேட்பேன்: "ஒருவருக்கு வயது 40. ஒரு வேலி நிலம், சொந்த மனையில் வீடு, மற்றத் தகுதிகளும் உண்டு. சென்ற ஆண்டு ஏரி வாரியத்தில் இருந்தார். இந்த ஆண்டு ஓலையில் இவர் பெயரை எழுதலாமா?" உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இதற்குப் பதில் சொல்கிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது.

இனித்தான் உண்மையான வேலை. "கூடாது, வயது போதாது" என்று குறிக்கிற பிள்ளைக்கு வயது வரம்பே மனதில் இல்லை. "கூடாது, நிலம் போதாது" என்பவருக்கு நில அளவு குழம்பியிருக்கிறது. "எழுதலாம், எல்லாத் தகுதியும் உண்டு" என்பவர் பாடத்தைப் படித்திருக்கிறார், மூன்றாண்டு விதியை மட்டும் விட்டுவிட்டார். மூவருக்கும் பூஜ்யம்தான். ஆனால் மறுநாள் யாருக்கு எதை மறுபடி நடத்துவது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. மும்பையும் டில்லியும் எனக்கு அதைச் சொல்லவே மாட்டா.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். கல்வி உதவித்தொகைத் தேர்வில் 180 வினாக்கள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். கூலிவேலைக்குப் போகும் வீட்டுக்கு அது பெரிய தொகை. நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 45 விடைகள் சரியாக விழும். உப்புக்குச் சப்பாணியாகத் தவறான விடைகளை வைத்தால் அந்த எண்ணிக்கை இன்னும் ஏறும், படித்த பிள்ளை பின்னுக்குப் போவாள்.

இன்னொரு பக்கமும் உண்டு: தவறான விடை சரியானதுபோலத் தோன்றலாம், சரியாகவே இருந்துவிடக் கூடாது. 2024 நீட் தேர்வில் அணுக்களைப் பற்றிய ஒரு வினா. பழைய பாடநூல் ஒரு விடைக்கு இடம் கொடுத்தது, புதிய பாடநூல் வேறொன்றுக்கு. தேர்வு முகமை இரண்டுக்கும் மதிப்பெண் தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். பழைய நூலை நம்பிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பெண் குறைந்தது. அச்சுக்குப் போகுமுன் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் விடைக்குறிப்பைப் பார்க்காமல் அந்தத் தாளை எழுதியிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

நம் பள்ளிகளிலும் அப்படிச் சரிபார்ப்பது நடப்பதில்லை. நோட்ஸில் உள்ள வினா அப்படியே தாளுக்கு வருகிறது. விடையைப் படிக்காமல் "அஞ்சாவதுக்கு இ" என்று எழுத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை நான் தினம் பார்க்கிறேன். "மேற்கண்ட அனைத்தும்" என்று இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் குறிக்கிறார்கள். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கிறது.

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு ஒரு மதிப்பெண் வினாவுக்கும் எத்தனை பேர் எந்த விடையைக் குறித்தார்கள் என்று பள்ளிகளிடம் கேட்டு வாங்குங்கள். நன்றாகப் படிப்பவர்கள் தவறிய வினாவையும், ஒருவரும் தொடாத விடையையும் தாள் தயாரித்தவரிடம் காட்டுங்கள். அரையாண்டுத் தாளை அவர் அதைப் பார்த்த பிறகு எழுதட்டும்.