பாகிஸ்தான் ஹொக்கி: ரசிகர்களின் பொறுமைக்கும் எல்லையுண்டு

உலக ஹொக்கியில் ஒரு காலத்தில் முடிசூடா மன்னர்களாகத் திகழ்ந்த பாகிஸ்தான் அணி, 2025 டிசெம்பரில் புரோ லீக் தொடரில் முதன்முறையாகக் களமிறங்கியபோது அந்நாட்டு ரசிகர்கள் பெரும் எதிர்பார்ப்புடன் காத்திருந்தனர். ஆனால், ஆர்ஜென்டீனாவில் நடைபெற்ற முதற்கட்ட ஆட்டங்களில் ஒரு வெற்றியேனும் கிட்டவில்லை. அத்தொடரில் ஆடும் வாய்ப்புக்கூட வென்றெடுக்கப்பட்டதன்று. அதே ஆண்டு ஜூனில் கோலாலம்பூரில் நடந்த நேஷன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 6-2 என்ற கணக்கில் தோற்கடித்த நியூசிலாந்து, தனக்குரிய இடத்தை ஏற்க மறுத்தமையினாலேயே அது பாகிஸ்தானுக்குக் கிடைத்தது.

இந்த அணியின் மீது ரசிகர்கள் கொண்டுள்ள மனத்தாங்கலைப் புரிந்துகொள்வதற்கு அதன் கடந்த காலத்தை நினைவுகூர வேண்டும். 1960, 1968, 1984 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கம், 1971, 1978, 1982, 1994 ஆகிய ஆண்டுகளில் உலகக் கிண்ணம் என வெற்றிகளைக் குவித்த நாடு அது. உலகக் கிண்ணத்தை நான்கு தடவைகள் வென்ற ஒரேயொரு நாடு என்ற பெருமையையும் பாகிஸ்தான் பெற்றது. அந்தச் சுற்றுப்போட்டியை ஆரம்பிக்கும் யோசனையை முன்வைத்தவரும் பாகிஸ்தானியரான நூர் கானே.

அத்தகைய அணி 2010 இல் புதுடில்லியில் நடந்த உலகக் கிண்ணத்தில் கடைசி இடமான 12 ஆம் இடத்தைப் பெற்றது. 2014 உலகக் கிண்ணத்துக்கு அது தகுதி பெறவேயில்லை. 2016 ரியோ, 2020 டோக்கியோ, 2024 பாரிஸ் என அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் போட்டிகளின் வாயிலும் அதற்கு அடைபட்டுப் போயிற்று. 2022 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் ஜப்பானுடனான ஆட்டத்தில், 11 பேர் நிற்க வேண்டிய களத்தில் 12 பேர் நின்றமையினால் அடித்த கோலும் செல்லாது போனது. அவ்வாட்டத்தில் 3-2 எனத் தோற்றதுடன் 2023 உலகக் கிண்ணத்துக்கான வாய்ப்பும் கைநழுவியது. எதிரணியின் திறமையால் வந்த தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் ரசிகன், களத்தில் நிற்பவர்களை எண்ணத் தவறியதால் வந்த தோல்வியை எவ்வாறு தாங்கிக்கொள்வான்?

வீழ்ச்சிக்குக் காரணம் கேட்கப்படும் போதெல்லாம் செயற்கைத் தரையின் மீது பழியைப் போடுவது வழக்கமாகிவிட்டது. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் அறிமுகமான அத்தரை, தெற்காசியாவின் நளினமான ஆட்டமுறைக்குப் பாதகமாக அமைந்தது என்பதில் உண்மையுண்டு. ஆயினும் 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸிலும் 1994 இல் சிட்னியிலும் அதே செயற்கைத் தரையில்தான் பாகிஸ்தான் வாகை சூடியது. ஆகவே, தரையை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்பிவிட முடியாது.

மெய்யான காரணங்கள் வேறிடத்தில் உள்ளன. கோஜ்ரா போன்ற சிறு நகரங்களிலிருந்து எளிய குடும்பத்துப் பிள்ளைகள் ஹொக்கி மட்டையுடன் புறப்பட்டு வந்தமைக்கு, விளையாட்டின் மீதான ஆர்வம் மட்டும் காரணமன்று. விமான சேவை, மின்சார அதிகார சபை, சுங்கத் திணைக்களம், வங்கிகள் முதலான நிறுவனங்கள் வீரர்களுக்கு வேலை வழங்கின. ஆட்டத்திறன் குடும்பத்துக்குச் சோறு போட்டது. 2021 இல் இம்ரான் கானின் ஆட்சிக் காலத்தில் இந்நிறுவன அணிகளைக் கலைக்குமாறு பணிக்கப்பட்டபோது பலரது வாழ்வாதாரம் ஆட்டங்கண்டது. 2022 இல் அடுத்து வந்த அரசு அத்தீர்மானத்தை மாற்றிய போதிலும், தடைப்பட்ட தொடர்ச்சியை ஓர் ஆணையினால் மீட்டுவிட முடியாது.

நாட்டுக்காக ஆடியவர்களின் கதியும் புதிய தலைமுறைக்கு நம்பிக்கையூட்டுவதாக இல்லை. 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் பெனால்டி அடியைத் தடுத்து வெற்றியைத் தேடித்தந்த கோல் காப்பாளர் மன்சூர் அஹமட், இருதய நோயால் பீடிக்கப்பட்டு, மாற்று இருதயச் சிகிச்சைக்காக இந்தியாவிடம் பகிரங்கமாக உதவி கோர நேர்ந்தது. 2018 மே மாதம் அவர் காலமானார். இக்காலத்து வீரர்களோ நாளாந்தப் படி கிடைக்கவில்லை என மீண்டும் மீண்டும் முறையிட்டு வந்துள்ளனர்.

அரசியலும் தன் பங்குக்கு இடையூறு செய்துள்ளது. 2025 இல் இந்தியாவுடனான பதற்றத்தின் பின்னர் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கிண்ணத்திலும், சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்திலும் பாகிஸ்தான் பங்குபற்றவில்லை. முன்னையதில் பங்களாதேஷும் பின்னையதில் ஓமானும் அதன் இடத்தை நிரப்பின. இழப்பு அந்நாட்டு இளம் வீரர்களுக்கு மட்டுமன்று. அவர்களின் ஆட்டத்தைக் காணவிருந்த தமிழக ரசிகர்களுக்குமானதாகும்.

வீழ்ந்தவர்கள் எழ முடியாதா என்ற வினாவுக்கு அண்டை நாடே விடையளிக்கின்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமலும், 2012 இலண்டனில் கடைசி இடத்தைப் பெற்றும் தலைகுனிந்த இந்தியா, 41 ஆண்டுகளின் பின்னர் டோக்கியோவில் பதக்கம் வென்று, பாரிஸிலும் அதனைத் தக்கவைத்துக் கொண்டது. இதற்குப் பின்னால் 2018 முதல் தேசிய அணிகளுக்கு அனுசரணை வழங்கிய ஒடிசா மாநில அரசின் இடையறாத ஆதரவு இருந்தது. மைதானம், பயிற்சி, ஊதியம் ஆகிய மூன்றும் ஒழுங்காகக் கிடைத்தால் திறமை தானாகவே வெளிப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாகிஸ்தானின் ஹொக்கி நிர்வாகிகள் ரசிகர்களின் கோபத்தைத் தொல்லையாகக் கருதுவார்களாயின் அது பெருந்தவறாகும். கோபப்படுபவன் இன்னமும் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். தன் பிள்ளையின் கையில் மட்டையைக் கொடுக்கலாமா என்று இன்னமும் யோசிக்கின்றான். கிரிக்கெட்டின் ஆரவாரத்துக்கு மத்தியில் அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஏசுவதற்குக்கூட எவரும் எஞ்சமாட்டார்கள். வீரர்களின் ஊதியத்தை உரிய வேளையில் வழங்கி, பாடசாலை மட்டத்திலிருந்து ஆட்டத்தைக் கட்டியெழுப்பி, கணக்குவழக்கை வெளிப்படையாக முன்வைப்பதே அந்த ரசிகனுக்கு அளிக்கத்தக்க பதிலாகும். பழைய கிண்ணங்களைக் காட்டி இனியும் அவனைச் சமாதானப்படுத்த இயலாது என்பதே எமது கருத்தாகும்.