முதலில் திரும்பும் வழி



பிரித்தானியாவிலுள்ள மகளைப் பார்த்துவந்த ராத்தா ஒருவர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். பேரப்பிள்ளைகளின் கதை முடிந்தபின், வேல்ஸ் கடற்கரையில் பட்ட பாட்டைச் சொன்னார்.

நியூகேல் என்னும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, சொல்வா என்ற சிறு துறைமுகம்வரை கடலோரப் பாதையால் நடந்தார்களாம். சுமார் 5 மைல். “இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம், மாமி” என்றாராம் மருமகன். நாலு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. போய்ச் சேர்ந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. காரை எடுத்துவர இருட்டில் மருமகன் தனியே ரோட்டால் நடந்தார். பசித்த பிள்ளைகளோடு மற்றவர்கள் மதிலோரம் காத்திருந்தார்கள். “அவர் வரும்வரை மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை” என்றார் ராத்தா.

தவறு நடையில் இல்லை. காரை நிறுத்திய இடத்தில்தான்.

இந்தப் பெம்ப்ரோக்ஷயர் கடலோரப் பாதை 1970இல் திறக்கப்பட்டது. நீளம் 186 மைல். ஏற்ற இறக்கம் அதிகம். எனவே அங்குள்ள ஒரு மைலைக் காலிமுகத்திடலில் நடக்கும் மைலோடு ஒப்பிடக் கூடாது. பலர் இதை நாளுக்கொரு துண்டாக நடக்கிறார்கள். பாதை வட்டமாகச் சுற்றி வராததால், நடக்க நடக்கக் கார் தூரமாகிக்கொண்டே போகும்.

பிள்ளைகள் அந்தப் பக்கம் இருக்கும் சகோதரிகள் இவற்றைச் சொல்லி வையுங்கள்:

நடை முடியும் இடத்தில் காரை விடுங்கள். காலையில் பஸ் ஏறித் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். பிறகு காரை நோக்கியே நடக்கிறீர்கள். பிந்தினாலும் பஸ் தவறுமே என்ற பதற்றமில்லை.

அங்கு நடப்பவர்களுக்கென்றே கரையோர பஸ்கள் ஓடுகின்றன. கிராமப்புறத்தில் ஆபத்தில்லாத இடமென்றால் கையைக் காட்டினால் நிறுத்துவார்கள். கோடையில் சேவை கூட, குளிர்காலத்தில் குறைவு. பழைய நேர அட்டவணையை நம்ப வேண்டாம்.

இரண்டு குடும்பம் இரண்டு காரில் போனால், ஒன்றை முடிவிடத்தில் விட்டுவிட்டு, எல்லோரும் மற்றதில் தொடக்கத்துக்குப் போகலாம். முதல் காரின் திறப்பு நடப்பவர் கையில் இருக்கட்டும்!

ரோடுகள் ஒடுக்கம். வாகனத் தரிப்பிடத்தில் இடமில்லையென்று தோட்டக்காரரின் கேற்றை மறித்து நிறுத்தக் கூடாது. அவருடைய டிராக்டர் போக வேண்டும்.

கடலின் நேரத்தையும் பாருங்கள். டேல் கிராமத்துக்கருகேயும் சாண்டி ஹேவனிலும் வற்று நேரத்தில் மட்டுமே கடவையைக் கடக்கலாம். தவறினால் மைல் கணக்கில் சுற்ற வேண்டும்.

பல இடங்களில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. எங்கே, எத்தனை மணிக்கு வந்து சேர்வோம் என்பதை வீட்டிலுள்ள ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை ராத்தாவின் பிள்ளைகள் காரைச் சொல்வாவில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்களாம். அன்றும் நாலு மணித்தியாலம் சென்றது. ஆனால் வழியில் இருந்து சாப்பிட்டார்கள், பிள்ளைகள் கடற்பறவைகளை எண்ணினார்கள். “கால் நொந்ததுதான், மனம் நோகவில்லை” என்றார் ராத்தா.

பயணம் எதுவானாலும் புறப்படுமுன் திரும்பும் வழியைப் பேசி முடித்துவிடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.