கரிப்புகை இன்ஜினுக்கு நண்பன் ஆகுமா?

குட்டீஸ்! 2024 நவம்பரில் தில்லிப் பள்ளிகளில் நேரடி வகுப்புகளை நிறுத்தி, வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கச் சொன்னார்கள். மழையா, வெள்ளமா? இரண்டும் இல்லை. காற்று அவ்வளவு அழுக்காகிவிட்டது! வைக்கோல் எரிப்பு, தூசி, ஆலைப்புகை என்று அதற்குப் பல காரணங்கள். வாகனங்கள் கக்கும் கரிப்புகையும் அதில் ஒன்று.

இந்தக் கரியை உருப்படியாகப் பயன்படுத்த முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். அதில் ஒரு யோசனை, கரியை இன்ஜின் ஆயிலிலேயே கலந்துவிடுவது! கேட்கவே விசித்திரமாக இருக்கிறது அல்லவா?

டீசல் முழுமையாக எரிந்தால் கார்பன்-டை-ஆக்ஸைடும் நீராவியும்தான் வரும். போதிய ஆக்ஸிஜன் கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் கரித்துகள்கள் மிஞ்சும். ஒரு துகள், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. இவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, மூச்சுக்காற்றோடு நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்தது.

கரி இன்ஜினுக்கும் எதிரிதான். டீசல் வண்டியின் பழைய ஆயிலை மெக்கானிக் வடிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? மைபோலக் கறுப்பாக இருக்கும். அதில் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஆயில் கெட்டியாகும். உலோகப் பாகங்கள் தேயும்.

பிறகு ஏன் அதைப்போய் ஆயிலில் கலக்க வேண்டும் என்கிறீர்களா? கரித்துகளுக்குள் கார்பன், வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கிறது. பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் கார்பன் அடுக்குகள்தான். அதன் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழப்பாக இருக்கும். இறுகிய பூட்டுக்குள் கிராஃபைட் தூள் போடுவதும் அதனால்தான்.

ஆக, ஒட்டிக்கொள்ளும் குணத்தை மாற்றினால் போதும். அதற்கு வேதியியல் உதவுகிறது. கரியை அமிலத்தோடு வினைபுரியச் செய்தால், துகளின் மேல் ஆக்ஸிஜன் அணுக்கள் கொக்கிகள் போல அமரும். அந்தக் கொக்கிகளில், எண்ணெயோடு எளிதில் கலக்கும் நீளமான 'வால்' மூலக்கூறுகளை மாட்டுவார்கள். சோப்பின் ஒரு முனை அழுக்கையும் மறுமுனை தண்ணீரையும் பிடிப்பது போலத்தான் இதுவும்! இப்போது துகள்கள் ஒட்டாமல் ஆயிலில் மிதக்கும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே புகுந்து உராய்வைக் குறைக்கும். இப்படி வால் மாட்டிய கார்பன் நானோ பொருள்களைச் சிறிதளவு கலந்தபோது, ஆய்வுக்கூடங்களில் உராய்வும் தேய்மானமும் குறைந்திருக்கின்றன.

அப்படியானால் புகைப் பிரச்னை தீர்ந்ததா? இல்லை! ஆய்வுக்கூடம் வேறு, சாலை வேறு. இன்ஜினின் கடும் சூட்டில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் அந்த வால்கள் கழன்றுவிடக் கூடாது. கரியும் எல்லா இன்ஜினிலும் ஒரே மாதிரி இருக்காது. அதிலுள்ள சாம்பலையும் நச்சுப் பொருள்களையும் முதலில் நீக்க வேண்டும். அதைக் கழுவிய அமிலக் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயிலில் இதைக் கொஞ்சம்தான் சேர்க்க முடியும். ஊரில் உள்ள கரி முழுவதும் அதற்குள் அடங்காது.

அதனால் கரியை உண்டாக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புதிய வண்டிகளுக்கு பி.எஸ்.6 விதி வந்தது. டீசலில் கந்தகத்தின் அளவு, பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புதிய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் வந்துவிட்டது. ஆனால் பழைய வண்டிகளும் ஜெனரேட்டர்களும் இன்னும் ஓடுகின்றனவே!

குப்பையைப் பயனுள்ளதாக்குவது நல்ல அறிவியல். குப்பையே சேராமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்ல அறிவியல். உங்கள் வீட்டு வண்டிக்குப் புகைப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று இன்றைக்கே அப்பா, அம்மாவிடம் கேளுங்கள், சரியா?