பவுத்திரம் என்றால் ஏன் வாயைப் பொத்துகிறோம்?

காரைக்குடியில் பஸ் ஏறி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சுவரிலும் கரண்டு கம்பத்திலும் ஒரே விளம்பரம்தான். "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணமாக்கப்படும்." சுவரில் முழ உயரத்துக்கு எழுதிப் போடும் வியாதியைப் பற்றி வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேச மாட்டோம். இந்த வேடிக்கை வேறு எந்த ஊரில் நடக்கும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பவுத்திரம் வந்தது, ஆபரேஷன் நடந்தது, புண் ஆறியது. இதை எழுதக் கை கூசுகிறதா என்றால் கூசுகிறது. கூசுவதால்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இந்த வியாதியில் கத்தியை விட அதிகம் கெடுப்பது இந்தக் கூச்சம்தான்.

முதலில் ஒரு விஷயம். மூலம் வேறு, பவுத்திரம் வேறு. ஆசனவாயின் உட்பக்கம் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துச் சீழ் பிடித்து, கட்டியாகி, வெளித்தோலில் உடைந்து வழி பண்ணிக்கொள்கிறது. கட்டி வற்றினாலும் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே சுரங்கம் மாதிரி ஒரு தடம் நின்றுவிட்டால் அதுதான் பவுத்திரம். "சூடு", "செட்டிநாட்டுக் காரம்" என்று பழி போடுவது சுலபம். எங்கள் ஊர்க் குழம்பு பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. இந்தத் தடம் களிம்பு தடவினாலும் மாத்திரை போட்டாலும் பொதுவாக மூடாது.

டாக்டர் செய்வது என்ன? எளிமையான தடமாக இருந்தால் அதை நீளவாக்கில் திறந்து விடுகிறார். தையல் போடுவதில்லை! இதுதான் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. "ஏம்ப்பா, தைக்காமயே அனுப்பிட்டாங்களே, சரியான டாக்டர்தானா?" என்று அப்பத்தா கேட்டது. புண் அடியிலிருந்து மேலாக, சிவப்பாகப் பொடிப்பொடியாகச் சதை வளர்ந்து ஆற வேண்டும். மேல்தோல் அவசரப்பட்டு முதலில் ஒட்டிக்கொண்டால் உள்ளே மறுபடி சீழ் தங்கும், மறுபடி தடம். அதனால்தான் திறந்தே விடுகிறார்கள். சாதாரணமாக 4 முதல் 8 வாரம் ஆகும், பெரிய புண்ணாக இருந்தால் இன்னும் கூட. தழும்பு முதலில் கெட்டியாக இருந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இளகும்.

நான் காமர்ஸ் படிக்கிறவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஆபரேஷன் என்பது கேப்பிட்டல் செலவு, ஒரு நாளோடு முடிந்தது. புண் ஆற்றுவது ரெவின்யூ செலவு, தினமும் எழுத வேண்டும். தினம் இரண்டு மூன்று தடவை, முக்கியமாக வெளிக்குப் போய் வந்ததும், டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 10, 15 நிமிஷம் உட்கார வேண்டும். பிறகு ஈரம் போக ஒற்றி எடுத்து டிரஸ்ஸிங். மலம் இறுகாமல் இருக்கத் தண்ணீர், கீரை, பழம். சொன்ன தேதியில் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதில் ஒன்றாவது ஊருக்குத் தெரியாமல் செய்ய முடிகிற காரியமா?

வெட்கம் எங்கே வந்து கெடுக்கிறது என்று இப்போது பாருங்கள். விருந்தாளி வந்தால் டப்பை ஒளித்து வைக்க வேண்டும். பாத்ரூமில் அதிக நேரம் இருக்கக் கூடாது. "வெளிய யார்ட்டயும் சொல்லிப்புடாதய்யா, கால்ல புண்ணுன்னு சொல்லு" என்று உத்தரவு. காலேஜுக்குப் போனால் 75 சதவீத அட்டென்டன்ஸ் பயம். மெடிக்கல் சர்டிபிகேட்டில் என்ன வியாதி என்று ஆபீஸ் ரூமில் சத்தமாகப் படித்துவிடுவார்களோ என்ற பயம். மர பெஞ்சில் அஞ்சு மணி நேரம். டாய்லெட்டில் தண்ணீர் வராது, கதவு சாத்தாது. (எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள், எல்லாக் காலேஜும்தான்.) அதனால் பையன் சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொள்கிறான், தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறான். மலம் இறுகுகிறது, புண் கிழிகிறது. பையன் பாடே இப்படி என்றால் ஒரு பெண் பிள்ளையின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் ஊர் தீர்ப்புச் சொல்லும். "பவுத்திரம் ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வரும்." திரும்ப வருவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. உள்வாசல் கண்ணில் படாமல் போகலாம், கிளைத்தடம் விட்டுப்போகலாம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம். நம் நாட்டில் காசநோயால் வரும் பவுத்திரமும் உண்டு. அதனால்தான் வெட்டி எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினீர்களா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தடம் சுருக்குத் தசையின் பெரும்பகுதி வழியாகப் போனால் ஒரேயடியாக வெட்ட மாட்டார்கள், வெட்டினால் மலத்தை அடக்கும் சக்தி போகலாம். நூல் கட்டிப் படிப்படியாகச் செய்வார்கள். இத்தனையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முதலில் வாயைத் திறக்க வேண்டுமே!

"இங்கிலீஷ் வைத்தியம் வேண்டாம், நம்ம வைத்தியம்தான் சரி" என்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. கள்ளிப்பால், நாயுருவி உப்பு, மஞ்சள் ஏற்றிய நூலைத் தடத்தில் கட்டி வாராவாரம் மாற்றும் கார நூல் சிகிச்சை நம்முடையதுதான். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் செய்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதை ஆபரேஷனோடு ஒப்பிட்டுப் பார்த்து 1991இல் முடிவை வெளியிட்டது. நூல் கட்டியவர்களுக்கு ஆற 8 வாரம், ஆபரேஷன் செய்தவர்களுக்கு 4 வாரம். திரும்ப வந்தது நூலில் 4 சதவீதம், ஆபரேஷனில் 11 சதவீதம். நன்றாகக் கவனியுங்கள். இரண்டு வைத்தியமும் வாரக்கணக்கில்தான் பேசுகின்றன. "மூணே நாளில்" என்று சொல்வது சுவர் மட்டும்தான். அந்தச் சுவர் வைத்தியர் பிழைப்பதற்குக் காரணம் அவர் மருந்து இல்லை. பக்கவாட்டு வாசல், பெயர் கேட்காத சீட்டு, இவைதான். அவர் விற்பது நம் வெட்கத்தை.

வெளிநாட்டுக் கதை ஒன்று. பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயிக்கு இதே பவுத்திரம். 1686 நவம்பரில் ஆபரேஷன். டிசம்பரில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வந்தது, ஆறி எழுந்திருக்க 1687 ஜனவரி ஆயிற்று. ராஜாவுக்கே இரண்டு மாசம்! விஷயம் வெளியே தெரிந்ததும் அரண்மனைக்காரர்கள் ஒன்றும் இல்லாமலே பின்புறம் கட்டுப் போட்டுக்கொண்டு ஃபேஷனாகத் திரிந்தார்களாம் :-) லண்டனில் 1835இல் ஃபிரெடரிக் சால்மன் என்ற டாக்டர் இந்த வியாதிக்காரர்களுக்கென்றே, அதுவும் ஏழைகளுக்காக, ஏழு படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பவுத்திர ஆபரேஷன் செய்தவரும் அவர்தான்.

எங்கள் அரியக்குடி சங்கீதத்துக்குப் பேர் போன ஊர். ராமானுஜ ஐயங்கார் பாட்டு உலகமெல்லாம் கேட்டது. ஆனால் பெருமாள் கோவில் தெருவில் ஒருத்தருக்கு உட்கார முடியாத வலி என்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. காலேஜில் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் இருக்கிற ஒரு டாய்லெட். சர்டிபிகேட்டைச் சத்தமாகப் படிக்காத ஒரு கிளார்க். வீட்டில் ஒளித்து வைக்க வேண்டாத ஒரு டப். "கால்ல புண்ணு" என்று பொய் சொல்லச் சொல்லாத ஒரு குடும்பம். இத்தனைக்கும் ஆபரேஷன் செலவில் கால் பங்குகூட ஆகாது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். பையன். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, புதிதாகச் சீழ், நிற்காத ரத்தம் இதில் எது இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் சர்ஜன் இருக்கிறார். சுவரைப் பார்த்துப் போகாதீர்கள்.