பால்மரக் காட்டுப் படைமகளிர்

விடுதலைப் போர் வரலாறுகளில் பெண்டிர்க்கு இடம் ஒதுக்கும் முறை ஒன்றுண்டு. தலைவனைப் பெற்ற தாய், தலைவனுக்கு வாய்த்த மனைவி, கைவளையைக் கழற்றிக் கொடுத்த செல்வமகள், புண்பட்டோர்க்குக் கட்டுக்கட்டிய செவிலி என நான்கு ஓவியங்களைத் தீட்டிச் சுவரில் மாட்டிவிட்டாற் கடமை முடிந்ததென்று வரலாற்றாசிரியர் கருதுவர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1943-இல் தோன்றிய சான்சிராணிப் படையும் அவ்வாறே சுவரில் மாட்டப்பட்டுவிட்டது. படத்திற் காண்பவை சுபாசு சந்திரபோசின் முகமும், அவர்க்கருகே நிற்கும் மருத்துவர் இலக்குமியின் முகமுமே. பின்வரிசையில் துமுக்கி தாங்கி நிற்கும் பெண்களின் பெயரைக் கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை.

அப் பின்வரிசையினர் யாவர்? பெரும்பாலார் தமிழச்சிகள். அவருட் பலர் இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, வாளியும் உளியுமாகப் பால்வெட்டச் சென்றவர்கள். தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளாற் கப்பலேற்றிக் கொண்டுசெல்லப்பட்ட குடும்பங்களின் பெண்மக்கள். இந்தியா என்னும் நாட்டைக் கண்ணாற் கண்டிராதவரும் அவருள் இருந்தனர்.

இவர்கள் ஏன் படையிற் சேர்ந்தனர் என்பதற்கு இருவகை விடைகள் உலவுகின்றன. போசின் சொன்மயக்கிற் கட்டுண்டு வந்தனர் என்பது ஒன்று. போர்க்காலப் பஞ்சத்தில் ஒருவேளைச் சோற்றுக்காக வந்தனர் என்பது மற்றொன்று. முன்னது புகழ்மொழிபோல் ஒலிப்பினும், பெண்ணுக்குத் தன்மதி இல்லை என்பதே அதன் உட்பொருள். பின்னதோ, ஏழைக்கு வயிறன்றி வேறெதுவும் இல்லையென்னும் மேட்டிமைப் பேச்சு. சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாய்ப் போனமையும், கப்பிக்கிழங்கே உணவானமையும் மெய்யே. ஆயின் பசித்தவர் எல்லாரும் படையிற் சேர்ந்திலர். சேர்ந்தவரைச் சேரச் செய்த கரணியத்தைப் போசு வருமுன்னரே தேடல் வேண்டும்.

1930-களின் தோட்டத்தை எண்ணிப் பார்க்க. ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றே, பால் ஒன்றே, கூலிதான் இரண்டு. துரையும் அவர்க்குக் கீழ்ப்பட்ட கிராணியும் கங்காணியும் பெண்ணைத் தோட்டத்தின் உடைமைகளுள் ஒன்றாகவே எண்ணினர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த வேண்டுகைகளைப் படிப்பவர்க்கு இவ்வுண்மை விளங்கும். கூலியுயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கும் இழிநிலை ஒழிக, கள்ளுக்கடைகளை மூடுக, பிள்ளைகட்கு முறையான கல்வி தருக, தொழிலாளர் வீட்டுப் பெண்டிரை வெள்ளையரும் தோட்ட அலுவலரும் கெடுக்குங் கொடுமையை நிறுத்துக என்றும் அவர்கள் கேட்டனர். ஆங்கில அரசு தந்த விடை படையும் குண்டுந்தான். தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். முன்னின்ற ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். இவை நடந்தது மே மாதம். அவ்வாண்டு திசம்பரிற் சப்பானியர் மலாயாவிற் கால்வைத்ததும், தொழிலாளரைச் சுட்ட அதே அரசு அவர்களைக் கைவிட்டுத் தெற்கே ஓடியது.

இரண்டே ஆண்டுகட்குப்பின் ஆங்கிலவனை எதிர்க்கப் பெண்ணுக்கும் துமுக்கி தருகிறோம் என்றொரு குரல் எழுந்தபோது, அது தோட்டத்துப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும்? சொன்மயக்கம் வேண்டியதில்லை, வெள்ளைக்காரன் யார் என்பதைச் சொற்பொழிவு கேட்டு அறியவேண்டிய நிலையில் அவள் இல்லை.

1943 சூலையிற் சிங்கப்பூர் வந்த போசு, பெண்படை ஒன்று வேண்டுமென்று அம்மாதமே அறிவித்தார். சென்னையிற் பிறந்து, சென்னையிலேயே மருத்துவம் பயின்று, 1940-இற் சிங்கப்பூர் சென்ற இலக்குமி சாமிநாதன் அப்படைக்குத் தலைவரானார்; அக்தோபரில் அமைந்த இடைக்கால அரசில் அமைச்சருமானார். கோலாலம்பூரிற் செல்வவளத்தோடு வளர்ந்த சானகி தேவர் தம் பதின்மப் பருவத்திலேயே சேர்ந்து, பின்னர்ப் படையின் துணைத்தலைவரானார். படையின் தொகையை ஆயிரம் என்பாரும் உளர். ஐந்நூற்றுக்குங் குறைவென்பாரும் உளர். இருநூற்றுவரே ஆயினும் வியப்புக் குறையாது. அக்காலத்து உலகிற் காலாட்படைப் பயிற்சி பெற்ற பெண்படைகள் மிகச் சிலவே.

இங்குக் கசப்பான செய்தியொன்றை மறைத்தல் ஆகாது. இப்படைக்குத் துணைநின்றவர் சப்பானியர். அச் சப்பானியரே 415 கல்லயிரம் (கிலோமீட்டர்) நீளச் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டத் தமிழரைப் பிடித்துச் சென்றவர்கள். கழிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் அடிக்கும் பலியாகி அங்கு மாண்ட தமிழர் பல பதினாயிரவர். மக்கள் அதை 'மரண இரயில்' என்றே இன்றும் வழங்குவர். அப்பாதையின் இருமுனைகளும் கூடியது 1943 அக்தோபர் 17-இல். சிங்கப்பூரிற் பெண்படையின் பாசறை திறந்ததும் அதே கிழமைக்குள்தான். கணவனைக் காட்டுக்குக் கொண்டுபோனவனின் நண்பன் மனைவிக்குப் படையுடை தந்தான். விடுதலை இயக்கத்தார் இதற்கு ஈடான விடை எதனையும் அன்று தரவில்லை. எதிரிக்கு எதிரி நண்பன் என்னும் கணக்கு, தலைவர்களின் மேசைமேல் எளிதாக முடிந்துவிடும். லயன் வீட்டு வாசலில் முடிவதில்லை.

மொழிச் செய்தியும் ஒன்றுண்டு. படையின் பொதுமொழி இந்துத்தானி. அதையும் உரோம எழுத்திற் கற்பித்தனர். வரிசையில் நின்றவருட் பெரும்பாலார் தமிழர். கட்டளையோ அவர் அறியாத மொழியில். தமிழெழுத்தே அறியாத தோட்டத்துப் பெண், தன் தாய்மொழியில் ஓரெழுத்துக் கற்குமுன் உரோம எழுத்தில் இந்துத்தானி கற்றாள். போசின் சொற்பொழிவுகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்; தமிழர் இன்றி அவ்வியக்கம் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயின் படையின் பெயருக்குக்கூட 1857-இன் வடபுல அரசியே முன்வந்தாள். ஆங்கிலவர் கைப்பற்றிய சிவகங்கையை 1780-இல் மீட்ட வேலுநாச்சியார், அவளுக்கு முக்கால் நூற்றாண்டு முற்பட்டவர். தமிழ்ப் பெண்களே நிறைந்த படையில் அப்பெயர் ஒருவர் நினைவிலும் எழாமற்போனது எதனால் என்பதைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் நன்று.

1944 மார்ச்சுத் திங்கள் இறுதியிற் பயிற்சி முடித்து, ஒரு பகுதியினர் பர்மாவுக்குச் சென்றனர். இரங்கூனைக் கடந்து மேமியோ வரை சென்றும், இம்பால் முற்றுகை முறிந்தமையால் முன்களம் காணும் வாய்ப்பு வரவில்லை. குண்டுவீச்சுக்கிடையில் மருத்துவமனைகளிற் பணிசெய்தனர். 1945 ஏப்பிரலில் இரங்கூனை விட்டுப் பின்வாங்கிய நெடும்பயணத்தில், வானூர்திகட்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் ஆறுகளைக் கடந்து பாங்காக்கை அடைந்தனர். களத்திற் சுடவில்லையே என்று இப்படையை எள்ளுவார் சிலர். அந்நடையைப் பத்துக் கல் தொலைவு நடந்துவிட்டு அவர்கள் எள்ளட்டும்.

போர் முடிந்தது. இலக்குமி சிறைப்பட்டு, 1946-இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்டு, பின்னர்க் கான்பூரில் ஏழையர்க்கு மருத்துவராகி, 2002-இற் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்று, 2012-இல் மறைந்தார். சானகி மலேசிய மேலவை உறுப்பினராகி 2014-இல் மறைந்தார். படையிலிருந்த மற்றொரு தமிழ்மகள் இரசம்மா பூபாலன், 1960-இற் பெண் ஆசிரியர்க்கெனத் தனித் தொழிற்கழகம் அமைத்து, ஆணுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடினார். 50 காசும் 40 காசும் என்ற பழங்கணக்கு, பள்ளிக்கூடத்திலும் வேறு எண்களோடு இருந்தது போலும்!

கல்வி பெற்றவர் எழுதினர், செவ்வி தந்தனர், அதனால் அவர் பெயர் நின்றது. தோட்டத்துப் பெண்களோ படையுடையைக் களைந்துவிட்டு லயன் வீட்டுக்குத் திரும்பினர். அவருட் பலர் வாய்திறக்குமுன்னரே மாண்டனர். 21-ஆம் அகவைக்குப் பின்னர்ப் படையிற் சேர்ந்து, 102 அகவை வரை வாழ்ந்து, 2022-இல் மலேசியாவில் மறைந்த அஞ்சலை பொன்னுசாமி போன்றோரைத் தேடிச்சென்று கேட்டவர் சிலரே. அதுவும் பொழுது சாய்ந்தபின்.

திரும்பிவந்த ஆங்கிலவர் அதே உளியை, அதே கூலியை, அதே கள்ளுக்கடையை மீண்டும் வைத்தனர். ஆனால் தோட்டம் பழைய தோட்டமாக இல்லை. சோழர் கடாரம் என்ற அதே கெடாவில், 1946-47-இல் எழுந்த தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். அவருள் நாட்டினப் படையிற் பயின்றோர் இருந்தனர்; ஆடவரோடு பெண்டிரும் நின்றனர். 1947-இற் காவலர் தாக்கியும் சுட்டும் தொழிலாளர் உயிரைப் பறித்தனர். அடுத்த வேலைநிறுத்தத்திற்கு ஆள் குறையவில்லை.