இரண்டு மலிவு ஹெட்போன்களும் ஒரு ழகரமும்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். புளி வாங்கினால் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். காதில் மாட்டிக் கேட்க வேண்டிய ஹெட்போனை மட்டும் கேட்காமலே வாங்குகிறோம். ஏரியூரில் மட்டுமன்று, பென்னாகரத்திலும் தருமபுரியிலும் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் ஆயிரம் ரூபாய்ப் பொருள் ஒட்டிய பெட்டிக்குள்தான் இருக்கிறது. பிரித்துக் காட்டினால் பிறகு அதை யாரிடம் விற்பது என்று கடைக்காரர் கேட்பதும் நியாயமே. இணையத்தில் வாங்குவோர்க்குப் படமே கதி. ஆகவே புதிதாக வாங்குகிறவர் மூன்றை நம்ப வேண்டியிருக்கிறது: பெட்டியில் அச்சிட்ட எண்கள், விலை, பிறர் எழுதிய மதிப்புரைகள். இம்மூன்றும் தமிழ் கேட்கும் காதுக்கு அதிகம் உதவுவதில்லை என்பதே எங்கள் கட்சி.

வழக்குக்கு இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டோம். (நாங்கள் என்பது ஏரியூரில் மாதமொருமுறை கூடிப் புத்தகங்கள் பற்றிப் பேசும் நால்வர். ஒலியியல் படித்தவர் எவருமில்லை. இசையை முறையாகக் கற்றவர் ஒருவர்.) முதற் சாட்சி சோனி எம்டிஆர் இசட்எக்ஸ்110. தலைப்பட்டையோடு காதின்மேல் அமரும் வகை, பின்புறம் மூடியது, உள்ளே 30 மி.மீ. ஒலிப்பான். ஆயிரம் ரூபாயை ஒட்டி வாங்கியது. மற்றது காஸ் கேஎஸ்சி75. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்தது. அங்கே ஏறத்தாழ 20 டாலர். இதற்குத் தலைப்பட்டை கிடையாது. ஒவ்வொரு காதுமடலிலும் தனித்தனியே கொக்கிபோல் மாட்டிக்கொள்ள வேண்டும். பின்புறம் திறந்தது, ஆகவே உள்ளே ஒலிப்பது வெளியே கசியும், வெளியே நடப்பது உள்ளே வரும். 1958இல் ஸ்டீரியோ ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜான் காஸின் மில்வாக்கி நகரத்து நிறுவனம் செய்வது. 1984இல் வெளிவந்து இன்றும் விற்கிற போர்ட்டா புரோவுக்குத் தம்பி முறை. இரண்டுமே கம்பி வைத்தவை.

முதலில் எண்கள். சோனியின் பெட்டி 12 முதல் 22,000 ஹெர்ட்ஸ் வரை என்கிறது. காஸ் 15 முதல் 25,000 வரை என்கிறது. இளங்காதுக்கே 20 முதல் 20,000 வரைதான் எட்டும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். கேட்க முடியாத பகுதியில் நடக்கும் போட்டிக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்? அந்த எல்லைக்குள் எந்த ஒலி தூக்கலாக வரும், எது அமுங்கி வரும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. வேண்டியதோ அது ஒன்றுதான்.

இன்னொரு எண் இதைவிட ஏமாற்றக்கூடியது. ஒரு மில்லிவாட் மின்திறனுக்குச் சோனி 98 டெசிபல் ஒலி தரும், காஸ் 101 டெசிபல் தரும் என்று போட்டிருக்கிறார்கள். பார்த்தவுடன் காஸ்தான் உரக்கக் கேட்கும் என்று தோன்றும். ஆனால் கைப்பேசி மில்லிவாட்டை அளந்து ஊற்றுவதில்லை. அது தருவது மின்னழுத்தம். சோனியின் மின்தடை 24 ஓம், காஸினுடையது 60 ஓம். ஒரே மின்னழுத்தத்தில் சோனி இரண்டரை மடங்கு மின்திறனை இழுத்துக்கொள்ளும். அது ஏறத்தாழ 4 டெசிபல் கூடுதல். கணக்குப் போட்டால் சோனி 102, காஸ் 101. மூன்று படி பின்னால் நின்றது ஒரு படி முன்னால் வந்துவிடுகிறது.

இந்த ஒரு டெசிபலுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். ஒன்றிரண்டு டெசிபல் வேறுபாட்டைக் காது ‘சத்தம் அதிகம்’ என்று அறிந்துகொள்வதில்லை. ‘இது தெளிவாக இருக்கிறது, இது நயமாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்கிறது. ஒலியளவைச் சமன் செய்யாமல் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டவர் எழுதிய தீர்ப்பு பெரும்பாலும் எது உரக்க ஒலித்தது என்ற தீர்ப்புத்தான். நாங்கள் ஒரு செய்தி வாசிப்பை வைத்து, குரல் இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்வரை பேசியின் ஒலிப்படிகளை மாற்றிக் குறித்துக்கொண்டோம். பேசியில் இருந்த ‘பேஸ் பூஸ்ட்’ முதலான அலங்காரங்களை அணைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாரபட்சம் வராது என்பார்கள். ஒன்று தலையை அழுத்துகிறது, மற்றது காதில் தொங்குகிறது, கண்ணை மூடினால் மட்டும் தெரியாமல் போகுமா?

விலையைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை என்று எழுதினார். அதிக விலையில் உறுதியான உடலும் மெத்தையும் கிடைக்கலாம். நல்ல ஒலி கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதமில்லை. குறைந்த விலையில் வாங்குகிறவர் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மதிப்புரைகளோடு எங்களுக்குள்ள பிணக்கு வேறு வகை. ஆங்கிலத்தில் எழுதுவோர் ஒலிக்கு வெதுவெதுப்பு, பளிச்சு, இருட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழிலும் ‘வெதுவெதுப்பான ஒலி’ என்று எழுதத் தொடங்கிவிட்டோம். வெந்நீரா அது? கணீர், கரகரப்பு, கம்மல், கீச்சு, முழக்கம், அதிர்வு, கார்வை என்று எத்தனை சொற்கள் நம்மிடம் புழங்கிக்கொண்டிருக்கின்றன. ‘குரல் கம்மிக் கேட்கிறது’ என்றால் ஏரியூரில் எந்தப் பாட்டிக்கும் புரியும். எந்த அதிர்வெண் அமுங்கிவிட்டது என்று தேடவும் அது வழிகாட்டும். மதிப்புரைக்காரர்கள் சோதித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் மேலைப் பாடல்களைத்தான். அது அவர்கள் குற்றமன்று. நம் சோதனையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் சோதனை இது. வலி, வளி, வழி. வாலை, வாளை, வாழை. கலை, களை, கழை. இப்படிப்பட்ட சொற்களை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை வரிசை மாற்றி மாற்றி வாசிக்கச் செய்து கைப்பேசியில் பதிந்தோம். (பேச்சில் பலரும் ழகரத்தை ளகரமாக்கிவிடுவதால், உச்சரிப்புத் திருத்தமானவரைத் தேட வேண்டியிருந்தது.) கேட்பவர் காதில் விழுந்ததை எழுத வேண்டும். லகர, ளகர, ழகரங்களைப் பிரித்துக் காட்டுவதில் நாக்கு மேல்நோக்கி வளையும்போது ஏற்படும் அதிர்வு மாற்றங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவை ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் நிகழ்கின்றன. நம் காதுக்குழாயே இயற்கையாக ஒலியைத் தூக்கிக் கொடுப்பதும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். ஹெட்போன் அந்த இடத்தில் ஒடுங்கிப்போனால் சொல் மழுங்கிவிடும். ஓசை மட்டும் எஞ்சும்.

வழக்கமான ஒலியளவில் இரண்டுமே தேறின. அளவைப் படிப்படியாகக் குறைத்து, மின்விசிறியின் சத்தம் மேலெழும் இடத்துக்கு வந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. எங்கள் நால்வர் காதுக்கும், ளகரமும் ழகரமும் காஸில் சற்றுப் பிந்தித்தான் ஒன்றோடொன்று மயங்கின. எட்டுக் காதுகளை வைத்து உலகத்துக்குச் சட்டம் இயற்ற முடியாது என்பது தெரியும். ஆயினும் புதிதாக வாங்குகிறவர் கைக்கொள்ளத்தக்க அளவுகோல் இதுதான் என்று துணிந்து சொல்வோம்: எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று பாராமல், எவ்வளவு தணிவாக வைத்தும் சொல் புரிகிறது என்று பாருங்கள்.

இதை நாங்கள் வலியுறுத்துவதற்கு ஊர் சார்ந்த காரணமும் உண்டு. எங்கள் மாவட்டம் தெருக்கூத்தின் மாவட்டம். பாரதக் கூத்துகள் இரவு முழுதும் நடக்கின்றன. இளைஞர்கள் கைப்பேசியில் பதிந்து வைக்கிறார்கள். முகவீணை கீச்சென்று ஏறி நிற்க, ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் நெருக்க, நடுவே கூத்தரின் விருத்தமும் வசனமும் ஓடும் பதிவுகள் அவை. அவற்றை எழுத்தில் இறக்கி வைக்க வேண்டும் என்று சில காலமாக முயன்று வருகிறோம். பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டு எழுதினால் பாதிச் சொற்கள் ஊகமாகிவிடுகின்றன. வயதான கூத்தர் ஒருவரிடம் காஸை மாட்டிவிட்டபோது, நாங்கள் ஓசையென்று விட்டிருந்த இரண்டு இடங்களை அவர் சொல்லாகப் பிரித்துக் கொடுத்தார். அவருக்குப் பாடம் மனப்பாடம் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும்தான். ஆனால் ஒரு தவறான சொல் ஏட்டில் ஏறிவிட்டால் பின்னால் வருபவன் அதையே பாடம் என்று நம்புவான். ஆயிரம் ரூபாய்க் கருவியின் தெரிவில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

பழம்பாடல் பிரியர்களுக்கு ஒரு சொல். ‘ஹரிதாஸ்’ 1944இல் வந்தது. அக்காலப் பதிவுகளில் மேல் அதிர்வெண்கள் மிகக் குறைவு. அங்கே தட்டின் இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும். உச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஹெட்போன் பாகவதரின் குரலைக் கூட்டித் தராது, இரைச்சலைத்தான் கூட்டித் தரும். நடுப்பகுதி செம்மையாக இருந்தால் போதும்.

இனி ‘பேஸ்’. மலிவு ஹெட்போன் விற்பனையில் இன்று இதுவே மந்திரம். பெட்டியின் நெற்றியிலேயே ‘கூடுதல் பேஸ்’ என்று எழுதியிருக்கும். சோனியில் அடியொலி நிறைவாக வருகிறது. மூடிய அமைப்புக்கு அது கைவந்தது. காஸில் மிகத் தாழ்ந்த ஒலி நழுவிவிடும். திறந்த சிறு ஒலிப்பானின் இயல்பு அது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜா பாடல்களில் அந்தக் கிதார் தனியே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைத் தொடர்ந்து கேட்பவருக்குச் சோனி நிச்சயம் உகந்தது. எங்களில் இளையவர் அதற்காகவே அதன் பக்கம் நின்றார், நாங்களும் மறுக்கவில்லை. மறுப்பது வேறொன்றை. சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில், நம் நாட்டு மத்தள வகைகளின் மேற்சுரங்கள் தந்திக் கருவியினுடையவைபோல் ஒழுங்குற அமைவதைக் காட்டினார். மிருதங்கத்தின் சுருதி அந்த மேற்சுரங்களில் இருக்கிறது. அடியொலியை அளவுமீறி ஊதிப் பெருக்கும் ஹெட்போனில் தொப்பி வீங்கி வலந்தலையின் மேல் கவிழ்ந்துகொள்கிறது, மிருதங்கம் தம்பட்டமாகிவிடுகிறது. நல்ல வேளையாக எங்கள் சாட்சிகள் இரண்டுமே அந்த அளவுக்குப் போகவில்லை.

கடைசியாக, கேட்கும் இடம். இரவு ஒன்பது மணிக்குமேல் ஏரியூரில், மேட்டூர் அணையின் நீர் நாகமரை வரை நிறைந்து கிடக்கும் நாட்களில், நாய்க்குரைப்பைத் தவிர வேறு இரைச்சல் இல்லை. அங்கே காஸின் திறந்த அமைப்பு வரம். பாட்டு தலைக்குள் அடைபடாமல் வெளியே நிற்பதுபோல் இருக்கும், வீட்டார் கூப்பிட்டாலும் கேட்கும். அதே காஸைப் பென்னாகரம் பேருந்தில் மாட்டினால் எஞ்சின் சத்தத்தோடு போட்டியிட்டு ஒலியளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சோனி மூடியதுதான் என்றாலும் காதின்மேல் அமர்வது. எஞ்சினின் தாழ்ந்த உறுமலை அதுவும் தடுத்துவிடாது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5. தினமும் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும். பேருந்தில் கேட்டேயாக வேண்டுமென்றால் காதுத்துளையை அடைக்கும் ரப்பர் முனை வைத்த சிறு இயர்போனே மேல். அதையும் தணிவாக வைக்க வேண்டும். இழந்த செவிப்புலன் திரும்ப வராது.

எங்களுக்குள் வாக்கெடுத்ததில் மூன்றுக்கு ஒன்றாகக் காஸ் வென்றது. கூத்துப் பதிவுகளை எழுதும் பணிக்கு அதையே ஒதுக்கிவிட்டோம். அதன் நுரை மெத்தைகள் கிழிந்தால் மாற்று மெத்தை தனியே கிடைக்கிறது. எழுதி முடித்ததைச் சரிபார்ப்பவர் மட்டும் அதை மாட்டுவதில்லை. அவர் தடித்த மூக்குக்கண்ணாடி அணிபவர். காஸின் கொக்கிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் ஒரே காதுமடலில் இடம் போதாமல், காஸுக்கு வாக்களித்த கையோடு சோனியை எடுத்துக்கொண்டு போனார்.