முன்றில் எவருக்கு உரியது?

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் பெருவீதியில், மகாவலியை அண்டி வளர்ந்துவரும் சிறு பட்டினம் கெலிஓயா. அங்கு வர்த்தகக் கட்டடங்கள் எழுவதை எவரும் குறைகூறார். ஆனால், அவற்றின் முன்றில்கள் அமைக்கப்படும் முறை கண்டனத்துக்குரியது. விளம்பரப் பலகையை மறைக்கிறதெனக் கூறி நிழல்மரம் வெட்டப்படுகிறது. மண் சீமெந்துக் கற்களால் மூடப்படுகிறது. ஈற்றில், சாடியிலே ஓர் அலங்காரச் செடியை வைத்து அதனைப் 'பசுமை' என்கின்றனர்.

இஃது அழகுணர்ச்சி பற்றிய பிணக்கன்று. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் பகலெல்லாம் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள், அந்தியில் இரைதேடி வெகுதூரம் பறக்கின்றன. உண்ட கனியின் வித்துக்களைச் செல்லும் வழியெங்கும் விதைக்கின்றன. பூங்காவுக்கும் ஹந்தானைக் குன்றுகளுக்கும் ஆற்றங்கரைக்கும் இடையே கனிமரங்கள் நிற்பின் அவ்வுயிர்களுக்கு அது வழியாகும். சீமெந்துத் தளமே நீளுமாயின் அது பாலையன்றோ?

செடியைத் தெரிவதும் அற்ப விடயமன்று. அகன்ற இலையின் அழகுக்காக மைக்கோனியா என்னும் செடி 1937இல் தாஹிட்டித் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் அது அத்தீவின் மூன்றிலிரு பங்கு நிலத்தில் பரவி, அம்மண்ணுக்கே உரிய தாவரங்களை நெருக்கியது. தோட்டத்தில் நட்ட ஒரு செடி காட்டின் விதியையே மாற்றிவிட்டது.

"எமது காணி, எமது விருப்பம்" என்பர் வர்த்தகர். காணி அவருடையதே, ஆயின் நிழலும் வெக்கையும் மழைநீரும் எல்லைக்கல்லோடு நின்றுவிடுவனவல்ல. சருகு பீலியை அடைக்கும், வேர் சுவரைப் பிளக்கும் என்பனவும் மெய்யே. அதனாலேயே மரத்தைத் தெரிந்து நடுக என்கிறோம். ஆலையும் அரசையும் சுவரோரம் நடுமாறு எவரும் கேட்கவில்லை. அகன்ற முன்றிலுக்கு நாவல் உண்டு. ஒடுங்கியதற்குக் கொன்றை உண்டு. ஆற்றோரக் காணிக்கு, 'கும்புக்' என இங்கு வழங்கும் மருது உண்டு.

எனவே, கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள், வாகனத் தரிப்பிடத்தைக் கேட்பதுபோல, மரத்துக்குரிய திறந்த மண்ணையும் கேட்டல் வேண்டும். அக்கோரிக்கையை எழுப்பும் கடமை பல்கலைக்கழக மாணவராகிய எமக்கும் உண்டு. முல்லைக்குத் தேரீந்த பாரியைப் பரீட்சைத் தாளில் மட்டும் போற்றிவிட்டு, கண்முன் நிற்கும் மரத்துக்கு நான்கடி மண்ணை மறுப்பதைப் பார்த்திருத்தல் என்ன நியாயம்?